பவர் லிமிட் போட்டும் ஒரு கார் மட்டும் ஓடிப்போகிறதா? அறிகுறி பார்த்துச் சரிசெய்யும் வழி

புதுச்சேரி, கடலூர் பக்கத்து நண்பர்கள் பதினான்கு பேர், ஞாயிறு இரவுச் சாப்பாடு முடிந்ததும் அசெட்டோ கோர்ஸா என்ற கம்ப்யூட்டர் கார் கேமில் பந்தயம் ஓட்டுகிறோம். லாஸ்பேட்டையில் என் வீட்டுப் பழைய கம்ப்யூட்டர்தான் சர்வர். அதனால் யாருடைய கார் இழுக்காவிட்டாலும், யாருடைய கார் அநியாயத்துக்கு இழுத்தாலும் திட்டு எனக்குத்தான் வரும்.

எல்லாரும் ஒரே கார் ஓட்டினால் இந்தத் தொல்லையே இல்லை. ஆனால் ஆளுக்கு ஒரு கார் மேல் ஆசை. ஆகவே "உச்ச பவர் 300 பிஎஸ், அதற்குள் எந்தக் காரும் வரலாம்" என்று விதி போட்டோம். பிஎஸ் என்பது குதிரைத்திறன் அளவு. முதல் வாரமே மஞ்சக்குப்பத்துக்காரர் ஒருவர் 480 பிஎஸ் காரை 300-க்கு இறக்கிக்கொண்டு வந்து, எல்லாரையும் அரை நேர்ச்சாலை பின்னால் விட்டுவிட்டுப் போனார். விதிப்படி அவர் மேல் தப்பு இல்லை. விதிதான் தப்பு.

ஒன்றரை வருடம் இதோடு மல்லுக்கட்டியதில் எனக்குப் புரிந்தது இதுதான்: கேம் கட்டுப்படுத்துவது ஒரே ஒரு எண்ணை, அதாவது உச்ச பவரை. கார் ஓடுவதோ ஒரு முழு வளைகோட்டில், அதாவது இன்ஜின் சுழலும் ஒவ்வொரு வேகத்திலும் எவ்வளவு பவர் என்று காட்டும் கோட்டில். கீழே வரும் கோளாறுகளில் பாதிக்கு மேல் இந்த இடைவெளியில்தான் பிறக்கின்றன. மீதி, பெடலில் தூசி மாதிரியான சில்லறைச் சங்கதிகள். சில்லறையை முதலில் தீர்த்துவிடலாம்.

அறிகுறி: ஒரே ஒருவர் மட்டும் "என் கார் இழுக்கவே இல்லை" என்கிறார்

அதே காரை இன்னொருவர் ஓட்டினால் நன்றாக இழுக்கிறதா? அப்படியானால் கார் ஃபைலைத் தொடாதீர்கள். திரையில் ஆக்ஸிலரேட்டர் அளவு காட்டும் பட்டையைத் திறந்து, பெடலைத் தரையோடு அழுத்திப் பார்க்கச் சொல்லுங்கள். பட்டை முழுசாக ஏறாமல் 90-லேயே நிற்கும், அல்லது மேலும் கீழும் துடிக்கும்.

நம் ஊரில் இது சகஜம். விலை குறைந்த பெடல்களில் அழுத்தத்தை அளப்பது பொட்டன்ஷியோமீட்டர் என்ற சின்ன உறுப்பு. கடற்காற்றின் உப்பும் ஈரமும் அதற்குள் போய்ப் படியும். முத்தியால்பேட்டை, அரியாங்குப்பம் மாதிரி கடலுக்கு அருகே இருப்பவர்களுக்குச் சீக்கிரமே வருகிறது. எலக்ட்ரானிக்ஸ் கடையில் கான்டாக்ட் கிளீனர் வாங்கி இரண்டு முறை அடித்து, பெடலை முப்பது நாற்பது முறை அமுக்கி விட்டு, மறுபடி காலிபரேட் செய்தால் பெரும்பாலும் சரியாகிவிடும். சரியாகாவிட்டால் அந்த உறுப்பையே மாற்ற வேண்டும்; பெரிய செலவு இல்லை.

இன்னொன்று, கத்திரி வெயில் காலத்தில் மட்டும் வரும். அரியாங்குப்பத்துத் தம்பி ஒருவர் மே மாதம் முழுக்க "என் காருக்கு மட்டும் என்ன பண்ணி வச்சீங்க அண்ணா?" என்று கேட்டுக்கொண்டே இருந்தார். கடைசியில் பார்த்தால் ஏசி இல்லாத மாடி அறையில் லேப்டாப் கொதித்துத் தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொண்டிருந்தது. படம் தடங்கித் தடங்கி வந்ததால் பிரேக், கியர் எல்லாமே அவருக்குத் தாமதமாகிக்கொண்டிருந்தது. லேப்டாப்புக்கு அடியில் இரண்டு மரக்கட்டை, பக்கத்தில் டேபிள் ஃபேன். தீர்ந்தது.

அறிகுறி: ஃபைலை மாற்றினேன், காரில் ஒன்றுமே மாறவில்லை

கார் ஃபோல்டருக்குள் 'டேட்டா.ஏசிடி' என்று ஒரு பொட்டல ஃபைல் இருக்கும். அது இருக்கும்வரை கேம் அதைத்தான் படிக்கும். நீங்கள் பக்கத்தில் பிரித்துவைத்திருக்கும் 'டேட்டா' ஃபோல்டரைத் திரும்பிக்கூடப் பார்க்காது. பொட்டலத்தைப் பிரித்த பிறகு அதன் பெயரை மாற்றிவையுங்கள், அல்லது வேறு இடத்துக்கு நகர்த்துங்கள். கன்டென்ட் மேனேஜர் என்ற துணை மென்பொருள் வைத்திருந்தால் பிரிப்பதும் கட்டுவதும் அதிலேயே முடியும்.

ஒரிஜினல் காரிலேயே கை வைக்காமல் ஒரு நகல் எடுத்து வேறு பெயர் கொடுப்பது நல்லது. அதில் ஒரு வரிசை உண்டு. முதலில் பொட்டலத்தைப் பிரிக்க வேண்டும், அப்புறம்தான் ஃபோல்டர் பெயரை மாற்ற வேண்டும். பொட்டலத்தின் பூட்டு ஃபோல்டர் பெயரோடு சேர்ந்தது. பெயரை முதலில் மாற்றிவிட்டால் பிறகு திறக்காது. பெயர் மாற்றிய கார் ஊமையாகிவிட்டால் பயப்பட வேண்டாம். சத்த ஃபைலின் பெயரும் அதோடு இருக்கும் ஜியுஐடி (சத்தங்களின் அடையாள எண்) பட்டியலும் புதுப் பெயருக்கு மாறவில்லை என்று அர்த்தம்.

அறிகுறி: தனியாக ஓட்டினால் சரி, சர்வருக்குள் போனால் வெளியே தள்ளுகிறது

செக்சம், அதாவது ஃபைல் மாறியிருக்கிறதா என்று சரிபார்க்கும் எண், பொருந்தவில்லை. சர்வரில் உள்ள கார் ஃபைலும் உங்களிடம் உள்ளதும் ஓர் எழுத்து வித்தியாசம் இல்லாமல் ஒன்றாக இருக்க வேண்டும். மாற்றிய காரை அப்படியே எல்லாருக்கும் அனுப்புங்கள். யாரும் தன் வீட்டில் தனியாகத் திருத்தக் கூடாது.

ஃபைலே வேண்டாம் என்றால் சர்வரின் என்ட்ரி லிஸ்ட்டில் ஒவ்வொரு ஓட்டுநருக்கும் 'பாலஸ்ட்', 'ரெஸ்ட்ரிக்டர்' என்று இரண்டு வரி இருக்கிறது. முதலாவது காரில் ஏற்றும் கூடுதல் எடை, கிலோவில்; இரண்டாவது பவரைக் குறைக்கும், விழுக்காடு மாதிரி ஓர் எண். அங்கே எழுதினால் போதும், யாரும் எதையும் இறக்கிக்கொள்ள வேண்டியதில்லை. நாங்கள் முதல் ஆறு மாதம் அப்படித்தான் ஓட்டினோம். ரெஸ்ட்ரிக்டர் 10 என்று போட்டால் பவர் சரியாகப் பத்து விழுக்காடு குறையும் என்று மட்டும் நம்பிவிடாதீர்கள். அளந்துதான் பார்க்க வேண்டும். எப்படி அளப்பது என்று அடுத்ததில் சொல்கிறேன்.

அறிகுறி: இரண்டு காருக்கும் உச்சம் 300 பிஎஸ்தான், ஆனாலும் ஒன்று ஓடிப்போகிறது

மஞ்சக்குப்பத்துக்காரரின் கதை இதுதான். இங்கே கொஞ்சம் உட்கார்ந்து கணக்குப் போட வேண்டியிருக்கிறது.

கடலூர் ரோட்டில் ஓடும் தனியார் பஸ்ஸை நினைத்துக்கொள்ளுங்கள். அதில் ஸ்பீடு கவர்னர் மாட்டி 80-க்கு மேல் போகாமல் செய்துவிட்டார்கள் என்று வைப்போம். ஸ்டாப்பிலிருந்து கிளம்பும்போது அந்த பஸ் முன்பு எப்படிச் சீறியதோ அப்படியேதான் சீறும். தலையை மட்டும் தட்டியிருக்கிறார்கள், உடம்பு அப்படியே இருக்கிறது. கேமில் வரும் பல பவர் லிமிட்டர்களும் இந்த வகைதான். கிரான் டூரிஸ்மோ என்ற கன்சோல் கேமின் 5, 6-ஆம் பதிப்புக் காலத்திலேயே ஓட்டுநர்கள் இதைக் கண்டுபிடித்துவிட்டார்கள். பெரிய இன்ஜினை எடுத்து லிமிட்டரால் இறக்கினால் வளைகோட்டின் உச்சி மட்டும் சீவப்பட்டு, மேல்பகுதி மேஜை மாதிரி தட்டையாகிவிடும்.

எண்ணில் பார்க்கலாம். அ என்பது இயல்பாகவே 300 பிஎஸ் தரும் சின்ன இன்ஜின். ஆ என்பது 480-லிருந்து 300-க்குச் சீவப்பட்டது. ஆர்பிஎம் என்பது இன்ஜின் நிமிடத்துக்கு எத்தனை சுற்று சுழல்கிறது என்ற எண்.

5000 ஆர்பிஎம்மில் அ 200, ஆ 290.
5500-ல் அ 224, ஆ 300.
6000-ல் அ 248, ஆ 300.
6500-ல் அ 270, ஆ 300.
7000-ல் அ 288, ஆ 300.
7500-ல் இரண்டும் 300.

சராசரி எடுத்தால் அ 255, ஆ 298. உச்சம் ஒன்றுதான், ஆனால் சராசரியில் 43 பிஎஸ் வித்தியாசம், கிட்டத்தட்ட 17 விழுக்காடு. எடை சமமாக இருந்தால் நேர்ச்சாலையில் பிடிக்கவே முடியாது.

இதைப் பார்த்ததும் நான் செய்த முட்டாள்தனம்: சரி, ஆ காருக்கு உச்சத்தை 255 ஆக்கிவிடுவோம் என்று ஆக்கினேன். அந்த வாரம் மஞ்சக்குப்பத்துக்காரர் கடைசிக்கு முந்தைய இடத்தில் வந்தார். அவர் வாட்ஸ்அப்பில் எழுதியதை இங்கே எழுத முடியாது.

எங்கே தப்பு? அ கார் பந்தயத்தில் 5000 ஆர்பிஎம்முக்கு இறங்குவதே அபூர்வம். மூன்றாம் கியர் விகிதம் 1.5, நான்காவது 1.2 என்றால், 7500-ல் கியர் மாற்றினால் ஆர்பிஎம் ஊசி விழுவது 7500 × 1.2 / 1.5, அதாவது 6000-ல். ஆக நேர்ச்சாலை முழுக்க அந்தக் கார் 6000-க்கும் 7500-க்கும் இடையிலேயே வாழ்கிறது. அந்த நான்கு எண்களின் சராசரி 276.5. ஆ காரின் உச்சத்தை வைக்க வேண்டிய இடம் 276, 255 அல்ல.

அப்படி வைத்தோம். அடுத்த ஞாயிறு இரண்டு காரும் எட்டுச் சுற்று ஒன்றின் வாலை ஒன்று பிடித்துக்கொண்டு ஓடின. என் சர்வர் வாழ்க்கையில் அன்றுதான் யாரும் திட்டவில்லை.

இதை உங்கள் கார்களுக்குச் செய்யும் முறை:

கார் ஃபோல்டரில் 'பவர்.எல்யுடி' என்ற ஃபைலைத் திறங்கள். பெயர்தான் பவர். உள்ளே இருப்பது ஆர்பிஎம்மும் டார்க்கும் (சுழற்றும் முறுக்குவிசை, நியூட்டன் மீட்டரில்), நடுவில் ஒரு செங்குத்துக் கோடு போட்டு. டார்க்கை ஆர்பிஎம்மால் பெருக்கி 7023-ஆல் வகுத்தால் பிஎஸ் கிடைக்கும். கிலோவாட் வேண்டுமென்றால் 9549-ஆல் வகுக்க வேண்டும். பிறகு கியர் விகிதங்களைப் பார்த்து, கியர் மாற்றிய பிறகு ஊசி எங்கே விழுகிறது என்று கணக்கிடுங்கள். விழும் இடத்திலிருந்து மாற்றும் இடம்வரை 500 ஆர்பிஎம்முக்கு ஒரு புள்ளி எடுத்துச் சராசரி போடுங்கள். எல்லாக் காருக்கும் அந்தச் சராசரிதான் சமமாக வேண்டும்.

ஒரு பொறி இருக்கிறது. இந்த ஆர்பிஎம்-டார்க் டேபிளில் எழுதியிருக்க வேண்டியது சக்கரத்துக்கு வந்து சேரும் டார்க். கம்பெனி விளம்பரத்தில் சொல்வது இன்ஜின் வெளியே தள்ளுவது. கியர்பாக்ஸ், டிஃபரன்ஷியல் எல்லாம் தாண்டி வரும்போது அதில் பத்து, பதினைந்து விழுக்காடு தேய்ந்துபோகும். யாரோ வீட்டில் உட்கார்ந்து செய்த மாட் கார்கள் பலவற்றில் விளம்பர எண்ணையே அப்படியே டேபிளில் போட்டுவைத்திருக்கிறார்கள். ஒரு மாட் கார் மட்டும் காரணமே இல்லாமல் முந்துகிறது என்றால் முதலில் இதைப் பாருங்கள்.

டேபிளைத் திறக்க வழியே இல்லாத கன்சோல் கேம் என்றால் கையில் ஸ்டாப்வாட்ச்சை எடுங்கள். சமதளமான நேர்ச்சாலையில் 100 கிலோமீட்டரிலிருந்து 200 வரை ஏற எத்தனை நொடி என்று ஒவ்வொரு காரையும் மூன்று முறை அளங்கள். 1300 கிலோ கார் 9 நொடியில் ஏறினால், காற்றுத்தடை போக நிகரமாகக் கிடைத்தது சுமார் 167 கிலோவாட், அதாவது 227 பிஎஸ். இந்தச் சோதனை உச்ச எண்ணைக் கண்டுகொள்வதில்லை. முழு வளைகோட்டையும் எடையையும் சேர்த்தே அளந்துவிடுகிறது. அதனால்தான் எனக்கு இது டேபிளைவிடப் பிடிக்கும்.

கன்சோலில் ஓட்டுபவர்களுக்கு இன்னொரு விதியும் சொல்வேன்: சொந்த பவரிலிருந்து பத்து விழுக்காட்டுக்கு மேல் இறக்கப்பட்ட கார் பந்தயத்துக்கு வரக் கூடாது. 480-ஐ 300 ஆக்குவதை அதுவே தடுத்துவிடும்.

அறிகுறி: ரெஸ்ட்ரிக்டரைக் கூட்டினேன், ஆனால் திருப்பம் விட்டு வெளியேறும்போது அதே இழுவை

இது கோளாறே இல்லை. ரெஸ்ட்ரிக்டர் என்றால் அப்படித்தான்.

ரெஸ்ட்ரிக்டர் என்பது இன்ஜின் மூச்சிழுக்கும் குழாயில் வைக்கும் குறுகிய வளையம். மெல்லிய ஸ்ட்ராவில் இளநீர் குடிப்பதை நினையுங்கள். நிதானமாக உறிஞ்சினால் ஸ்ட்ரா மெல்லியதா தடித்ததா என்றே தெரியாது. அவசரமாக உறிஞ்சினால் கன்னம்தான் குழியும், இளநீர் அதற்கு மேல் வராது. காற்றிலும் அதே கதை. குறுகிய இடத்தில் காற்று ஒலியின் வேகத்தைத் தொட்டுவிட்டால், அதற்கப்புறம் இன்ஜின் எவ்வளவு இழுத்தாலும் நொடிக்கு இத்தனை கிராம்தான். எனவே கீழ் ஆர்பிஎம்மில் ஒன்றும் குறையாது, மேலேதான் நெரிக்கும்.

நம் ஊர் இன்ஜினியரிங் மாணவர்களுக்கு இது பழகியது. ஃபார்முலா ஸ்டூடன்ட் வகைப் போட்டிகளில் பெட்ரோல் காருக்கு 20 மில்லிமீட்டர் வளையம் கட்டாயம். கணக்குப்படி நொடிக்கு ஏறக்குறைய 75 கிராம் காற்றுதான் உள்ளே போக முடியும். உலக ராலி பந்தயத்தில் 1995-லிருந்து டர்போ கார்களுக்கு 34 மில்லிமீட்டர். பவர் 300 சொச்சத்தில் நின்றது. ஆனால் கீழ் ஆர்பிஎம் டார்க் மலைபோல இருந்தது. அந்த 34 மில்லிமீட்டரைச் சுற்றி நடந்த திருட்டும் பேர் பெற்றது. 1995-ல் ஸ்பெயினின் கட்டலூனியா ராலியில் டொயோட்டா அணியின் செலிக்கா கார்களில், மாட்டியதும் வளையம் நகர்ந்து அதைச் சுற்றிக் காற்று உள்ளே போகும்படி ரகசிய ஏற்பாடு இருந்தது கண்டுபிடிக்கப்பட்டது. வெளியே கழற்றிப் பார்த்தால் ஒன்றும் தெரியாது. அணிக்கு ஒரு வருடத் தடை விழுந்தது.

இதிலிருந்து ஒன்று கவனியுங்கள். காற்று ஓர் அளவோடு நின்றுவிட்டால் பவரும் ஏறக்குறைய ஓர் அளவில் நிற்கும். அதாவது நிஜ ரெஸ்ட்ரிக்டரும் வளைகோட்டின் தலையைத் தட்டையாக்கத்தான் செய்கிறது. கேமை மட்டும் குறை சொல்லிப் பயனில்லை. அதனால்தான் லெ மான் 24 மணி நேரப் பந்தயத்தின் ஹைப்பர்கார் வகுப்பில் உச்ச எண்ணோடு நிறுத்தாமல், சக்கரத்துக்குச் சுழற்சியைக் கொண்டுபோகும் டிரைவ் ஷாஃப்டில் டார்க் சென்சார் வைத்து, ஒவ்வொரு ஆர்பிஎம்முக்கும் எவ்வளவு பவர் என்று வளைகோட்டையே கட்டுப்படுத்துகிறார்கள். கேம் செய்பவர்கள் நகலெடுக்க வேண்டியது இதைத்தான். ஒற்றை ஸ்லைடருக்குப் பதில் நான்கைந்து ஆர்பிஎம் புள்ளிகளில் தனித்தனியாக இழுத்துவிடும் கோடு கொடுத்தால் எங்கள் சண்டையில் முக்கால்வாசி தீரும். அதுவரை நாம்தான் டேபிளில் கை வைக்க வேண்டும்.

திருப்பத்து இழுவையைக் குறைக்க வேண்டுமென்றால் டேபிளின் எல்லா டார்க் எண்ணையும் ஒரே விகிதத்தில் குறையுங்கள், அல்லது எடை ஏற்றுங்கள். மேலே மட்டும் நெரிக்க வேண்டுமென்றால் ரெஸ்ட்ரிக்டர். எது உறுத்துகிறது என்று பார்த்துவிட்டு மருந்தைத் தேர்ந்தெடுக்க வேண்டும்.

ரெஸ்ட்ரிக்டர் மாட்டிய காரை ஓட்டுபவருக்கும் ஒரு வார்த்தை: பழைய பழக்கத்தில் சிவப்புக் கோடுவரை இழுக்காதீர்கள். உச்சம் 6000-லேயே முடிந்து அப்புறம் சரிகிறது என்றால், சரிவு தொடங்கிக் கொஞ்ச தூரத்திலேயே கியரை மாற்றிவிடுங்கள். திருப்பாதிரிப்புலியூர் நண்பர் இதை மட்டும் மாற்றிச் சுற்றுக்கு அரை நொடி மிச்சம் பிடித்தார்.

அறிகுறி: டர்போ கார் லிமிட்டுக்குள்தான் இருக்கிறது, ஆனால் ராக்கெட் மாதிரி போகிறது

டேபிளை மட்டும் பார்த்திருப்பீர்கள். அசெட்டோ கோர்ஸாவில் டேபிளில் இருப்பது டர்போ சேராத டார்க். டர்போ தள்ளும் கூடுதல் காற்றழுத்தம்தான் பூஸ்ட். டேபிள் டார்க்கை (1 + பூஸ்ட்) என்ற எண்ணால் பெருக்கிக்கொள்ள வேண்டும். டேபிளில் 6000-ல் 300 நியூட்டன் மீட்டர் என்றால் 256 பிஎஸ், அடக்கமான பிள்ளை. பூஸ்ட் 0.8 என்றால் அதே இடத்தில் 540 நியூட்டன் மீட்டர், 461 பிஎஸ். 'என்ஜின்.ஐஎன்ஐ' ஃபைலில் டர்போ பகுதியைப் பார்க்காமல் டர்போ காரை அனுமதிக்கவே கூடாது.

அங்கே 'மேக்ஸ் பூஸ்ட்', 'வேஸ்ட்கேட்' என்று இரண்டு எண் இருக்கும். முதலாவது பூஸ்ட் ஏறப் பார்க்கும் இலக்கு, இரண்டாவது அதை வெட்டும் வரம்பு. பலரும் வேஸ்ட்கேட்டை மட்டும் 0.8-லிருந்து 0.3 ஆக்கிவிட்டு முடிந்தது என்று நினைப்பார்கள். பவர் இறங்கும், உண்மைதான்: 390 நியூட்டன் மீட்டர், 333 பிஎஸ். ஆனால் பூஸ்ட் ஏறும் பாதை பழையபடியே இருக்கிறது. 0.8-ஐ நோக்கி ஏறிக்கொண்டிருந்த பூஸ்ட் வழியிலேயே 0.3-ஐத் தொட்டு வெட்டப்படுகிறது. விளைவு, முன்பைவிடச் சீக்கிரமே முழு பூஸ்ட் கிடைக்கும். டர்போ விழித்துக்கொள்ள எடுக்கும் தாமதம் குறைந்து, கார் இன்னும் சாதுவாக, ஓட்டச் சுலபமாக மாறிவிடும். தண்டனை கொடுக்கப் போய்ப் பரிசு கொடுத்த கதை.

மேக்ஸ் பூஸ்ட்டையும் அதே அளவு இறக்குங்கள். அப்போது பூஸ்ட் 'ரெஃபரன்ஸ் ஆர்பிஎம்' என்று எழுதியிருக்கும் இடத்தில்தான் உச்சம் தொடும். காரின் பழைய குணம் அப்படியே இருந்து பவர் மட்டும் குறையும். ஓட்டுநர் காக்பிட்டிலிருந்தே பூஸ்ட்டைத் திருகும் வசதி சில கார்களில் உண்டு. அந்த வரியை 0 ஆக்கிவிடுங்கள். ஆக்காமல் விட்டு ஒரு முறை ஏமாந்தேன். யார் ஏமாற்றியது என்று சொல்ல மாட்டேன், அவர் இதைப் படிப்பார்.

அறிகுறி: லிமிட் போட்டபின் இன்ஜின் நடுவிலேயே தடதடக்கிறது, அல்லது சட்டென்று செத்துப்போகிறது

டேபிளில் செங்குத்தாகப் பள்ளம் வெட்டியிருப்பீர்கள். 6000-ல் 350, 6100-ல் 200 என்று எழுதினால் கார் சுவரில் முட்டின மாதிரிதான் இருக்கும். 276 பிஎஸ்ஸில் தட்டையாக நிறுத்த வேண்டுமென்றால் டார்க் படிப்படியாக இறங்க வேண்டும்: 6000-ல் 323, 6500-ல் 298, 7000-ல் 277, 7500-ல் 258. சூத்திரம் மேலே சொன்னதுதான், திருப்பிப் போட்டால் போதும். ரெவ் லிமிட்டருக்கு (இன்ஜின் இதற்கு மேல் சுழலக் கூடாது என்ற வரம்பு) மேலும் ஒரு 500 ஆர்பிஎம்வரை டேபிளை நீட்டி எழுதிவிடுங்கள்.

ரெவ் லிமிட்டரை இறக்கியே பவரைக் குறைக்கலாமே என்று ஒருவர் கேட்டார். குறைக்கலாம், ஆனால் கியர் விகிதங்கள் எல்லாம் பொருந்தாமல் போகும். ஒவ்வொரு நேர்ச்சாலைக் கடைசியிலும் கார் லிமிட்டரில் முட்டிக்கொண்டு கத்தும். வேண்டாம்.

அறிகுறி: சின்ன டிராக்கில் சமம், மான்ஸா மாதிரி நீண்ட நேர்ச்சாலை டிராக்கில் சமமில்லை

எடையும் பவரும் ஒன்றுக்கொன்று ஈடு என்று நினைத்துவிட்டீர்கள். 1300 கிலோ காரில் 65 கிலோ ஏற்றினால், முடுக்கத்தைப் பொறுத்தவரை ஐந்து விழுக்காடு பவர் குறைத்த மாதிரிதான். ஆனால் உச்ச வேகத்துக்கு எடை பெரிதாகக் குறுக்கே வராது. அங்கே எதிரி காற்று. காற்றைக் கிழிக்கத் தேவையான பவர் வேகத்தின் மும்மடிப் பெருக்கமாக ஏறும். அதனால் பவரில் பத்து விழுக்காடு வெட்டினாலும் 250 போகும் கார் 241-க்குத்தான் இறங்கும். திருப்பம் நிறைந்த டிராக்குக்கு எடை, நீண்ட நேர்ச்சாலைக்கு பவர் என்று இரண்டு தனி என்ட்ரி லிஸ்ட் வைத்திருக்கிறேன். டிராக் மாறினால் ஃபைலை மாற்றிப்போடுவேன், அவ்வளவுதான்.

அறிகுறி: எல்லாம் சமமாகிவிட்டது, இப்போது யாரும் யாரையும் முந்த முடியவில்லை

அதிகமாக நெரித்துவிட்டீர்கள். பவர் ரொம்பக் குறைந்தால் எல்லாரும் எப்போதும் முழு ஆக்ஸிலரேட்டரில் இருப்பார்கள், திருவிழாக் கூட்டம் மாதிரி கும்பலாக நகர்வார்கள், ஒருவர் தடுமாறினால் பத்துப் பேர் குவிவார்கள். அமெரிக்காவின் நாஸ்கார் பந்தயத்தில் 1987-ல் டல்லடேகாவில் ஒரு கார் பறந்து வேலியில் மோதியபின், 1988-லிருந்து டேடோனாவிலும் டல்லடேகாவிலும் ரெஸ்ட்ரிக்டர் தகடு வந்தது. வேகம் குறைந்தது, கூடவே கும்பல் பந்தயமும் பெரிய விபத்துகளும் அந்த டிராக்குகளின் அடையாளமாகிவிட்டன. உங்கள் லிமிட்டைப் பத்துப் பத்து பிஎஸ்ஸாக மேலே ஏற்றிப் பாருங்கள். டயர் பிடிப்பைவிட பவர் கொஞ்சம் மிஞ்சியிருந்தால்தான் ஓட்டுபவரின் கால் வேலை செய்யும். அங்கேதான் முந்த இடம் கிடைக்கும்.

அறிகுறி: எல்லாவற்றையும் செய்தாயிற்று, இன்னும் ஒரே ஆள்தான் ஜெயிக்கிறார்

காரைக் குறை சொல்லுமுன் கார்களை மாற்றிக்கொள்ளச் சொல்லுங்கள். ஒரே டிராக், ஐந்து சுற்று. முதல் இரண்டு ஆட்களும் காரை மாற்றிக்கொண்டு ஓட்ட வேண்டும். நேரம் காரோடு போனால் கார்தான் காரணம். மறுபடி டேபிளைத் திறங்கள். நேரம் ஆளோடு போனால் ஃபைலை மூடிவிடுங்கள்.

சோதனை ஓட்டத்தில் வேண்டுமென்றே மெதுவாக ஓட்டி, பந்தயத்தில் பாய்கிறவர்களும் உண்டு. அவர்களைப் பிடிக்கச் சுற்று நேரத்தைப் பார்க்காதீர்கள். நேர்ச்சாலையில் 100-லிருந்து 200 ஏறும் நேரத்தை மட்டும் ரீப்ளேயில் பாருங்கள். ஆக்ஸிலரேட்டரை முழுசாக அழுத்தாமல் நடிக்கிறவரின் பெடல் பட்டை அதிலேயே காட்டிக்கொடுத்துவிடும்.

எங்கள் கூட்டத்தில் தொடர்ந்து ஐந்து வாரம் நெல்லிக்குப்பத்து அண்ணன் ஒருவர்தான் ஜெயித்தார். கூட்டம் முழுக்க அவர் காருக்கு 40 கிலோ ஏற்றச் சொன்னது. ஏற்றுமுன் அவரையும் லாஸ்பேட்டைத் தம்பியையும் காரை மாற்றி ஓட்டச் சொன்னேன். தம்பியின் காரில் அண்ணன், தம்பி அதுவரை போட்ட நேரத்தைவிட 1.2 நொடி குறைவாகச் சுற்றி வந்தார். அவர் பெயருக்கு நேரே பாலஸ்ட் 0, ரெஸ்ட்ரிக்டர் 0 என்றுதான் இன்றுவரை இருக்கிறது.